கைப்பேசியில் நகர்ந்த கப்பல்

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை அவரேதான் என் போனில் ஏற்றித் தந்தார். புதூர் பக்கம் எங்கள் ஊரில் எல்லோரும் மானாவாரிக் காட்டுக்கு மழை கேட்டுச் சாமி கும்பிடுவார்கள். நான் மட்டும் அந்தக் கப்பல் கரை சேரும்வரை காற்றும் மழையும் வேண்டாம் என்று கும்பிடுவேன்.

புரட்டாசியில் ஒருநாள் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்பதாக ஆப் காட்டியது. சொல்லாமல் போய் நிற்கலாம் என்று, அவருக்குப் பிடித்த காரச்சேவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். துறைமுக வாசலில், அதே கப்பலிலிருந்து வெளியே வந்த ஒருவரிடம் கணவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

"அவியளா? ஆடியிலேயே வேலை வேண்டாம்னு இறங்கிட்டாவளே அக்கா" என்றார்.

அங்கேயே நின்று கணவருக்குப் போன் செய்தேன். "எங்க இருக்கீய?"

"கப்பல்லதாம்ட்டி. தூத்துக்குடி வந்திருக்கோம். வெளிய விட மாட்டேங்காவ. நீ கிளம்பி வந்துராத."

நான் பார்த்த அதே ஆப்பைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் கொழும்பு என்றும் சிங்கப்பூர் என்றும் எனக்குச் சொல்லியிருக்கிறார்! நான் துறைமுக வாசலில்தான் நிற்கிறேன் என்று சொன்ன பிறகுதான் உண்மை வந்தது: இருந்தது சென்னையில் ஒரு ஓட்டல் வேலையில். வேலையை விட்டதைச் சொல்ல வெட்கமாக இருந்ததாம். என்னை ஏமாற்ற மட்டும் வெட்கமில்லை.

ஆப்பை அழித்துவிட்டேன். இப்போது அவர் போன் செய்தால், வீடியோவில் சுற்றிலும் காட்டிய பிறகுதான் பேசுகிறேன். கப்பல் எங்கே நிற்கிறது என்று ஆப் சொல்லும். நம் ஆள் அதில் இருக்கிறாரா என்று சொல்லாது.

இந்த ஐப்பசியில் ஊரோடு சேர்ந்து நானும் மழை கேட்டேன், நன்றாகக் கொட்டட்டும் என்று.