பாலில் எடுத்த கால்தடம்

யட்டியாந்தோட்டைக்குக் கீழே, ஆற்றின் நடுவில் ஒரு பாறைத்தீவு இருக்கிறது. மழையில்லாத நாளில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். ரப்பர் பால் வெட்டி முடித்ததும் நானும் என் நாத்தனாரும் அங்கே போவோம்.

அதை வெறும் பாறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஓடி, பிசைந்த மாவுபோல மடிந்து கிடக்கிற கல் அது. எரிமலைக் கல் என்றுதான் நினைத்திருந்தோம். எரிமலை இல்லை, பூமிக்கு அடியில் வெந்து நெரிந்தது என்று மகளின் டீச்சர் சொன்னார். பாறையில் குடம்போலக் குழிகள்; உள்ளே ஆறு சுழற்றித் தேய்த்த உருண்டைக் கற்கள். மணலை அள்ளினால் சிவப்புப் பொடி மின்னும். அந்த மணலில்தான் வேலையில்லாத ஒருநாள் விடிகாலை நீர்நாய் ஒன்று இரண்டு குட்டிகளோடு புரண்டதைப் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷமான மிருகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன வருஷம் தோட்டத்திலிருந்து அங்கே மணல் அள்ள மெஷின் இறக்கப்போவதாகச் சொன்னார்கள். தோட்டத்துச் சின்னத்துரையிடம், அதாவது உதவி மேனேஜரிடம், போய் நீர்நாய் இருக்கிறது என்றேன்.

"ஒங்க லயத்து வீட்டு நாய் குளிக்கப் போயிருக்கும்" என்று சிரித்தார்.

"அடையாளம் காட்டுறேங்க சார்."

மணலில் பதிந்திருந்த அதன் கால்தடத்தைப் போனில் எடுத்தோம்; படத்தில் வெறும் பள்ளமாகத்தான் தெரிந்தது. அதனால் தடத்துக்குள் ரப்பர் பாலை ஊற்றினோம். ஒரு மணி நேரமாகியும் அது இறுகவில்லை. நாத்தனார்தான் வாளியை மோந்து பார்த்தாள்.

"அண்ணி, இது அமோனியா போட்ட பாலு. உறையக் கூடாதுன்னு நீங்கதான போட்டீங்க? இப்ப உறையலன்னு மொறைக்கிறீங்க."

மறுநாள் மருந்து போடாத பாலில், பாலை உறைய வைக்கிற அசிட்டைப் பாக்டரியில் கேட்டு வாங்கிக் கலந்து வேறொரு தடத்தில் ஊற்றினோம். ரொட்டி தின்று முடிப்பதற்குள் இறுகிவிட்டது. உரித்துக் கழுவினால் ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே சவ்வு. நாய்த் தடத்தில் நாலு விரல்தான் பதியும்.

சின்னத்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இத நான் வச்சிக்கவா?"

"மெஷின் அங்க எறங்காதுன்னு சொல்லுங்க, வச்சிக்கங்க."

மெஷின் இறங்கவில்லை. கால்தடம் அவர் மேசையில் இருக்கிறது.