கடைசி வார்த்தை தெல்மாவுக்கு

தெல்மா ஹிங்க்லி ஓர் இசைத்தட்டைக் குப்பை என்று சொல்லிவிட்டால், இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத் கடைத்தெருவில் அந்தத் தட்டைத் தொட ஆட்கள் யோசிப்பார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. ரெக்கார்டு கடைக்காரர் மட்டும் சிரித்ததில்லை. சனிக்கிழமை அவள் உள்ளே நுழைந்ததும், "வாம்மா, போன வாரம் எடுத்துட்டுப் போனது எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் புதுச் சரக்கை எடுத்து வைப்பார்.

பதினைந்து வயதில் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கார் கதவுக்குக் கீல் அடிக்கும் இயந்திரங்கள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நின்று நாள் முழுக்க இடிக்கும் இடம் அது. அம்மா போனபோது தம்பி ரஸ்ஸல் சின்னப் பையன். அப்பா அதற்கு முன்பே இல்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். கல்யாணம் நடக்கவில்லை. அதில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. கேட்டு வந்தவன் ஒருவன். அவனை இவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபது வயது கடந்து சில வருஷம் இருக்கும், ஒரு பப்பின் மாடியறையில் நாலு பேர் ஹெவி ராக் வாசிக்கக் கேட்டாள். கூட வந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிட்டார்கள். தெல்மா நகரவில்லை. பிரஸ் ஷாப் சத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை, அது பாட்டுக்கு இடிக்கும். இங்கேயும் அதே சத்தம்தான், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மனுஷன் பொறுப்பேற்றுக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து சம்பளம் வந்தால் முதல் செலவு தட்டு, மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நெவில் வீட்டு முன்னறையில் நாலு பேர் கூடுவார்கள். நெவில் பஸ் ஓட்டுகிறவன். நல்ல ரெக்கார்டு பிளேயர் அவனிடம்தான் இருந்தது. அவன் மனைவி அந்த நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், தங்கை மேல் உள்ள பாசத்தால் அல்ல. மற்றவர்கள் தெல்மா, ரஸ்ஸல், கோலின். கோலின் இரும்புப் பட்டறையில் நீராவிச் சம்மட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவன், கதவளவு ஆள். அந்த வாரம் யார் புதுத் தட்டு வாங்கினாலும் கொண்டுவர வேண்டும். தட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. ஓடி முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கோலின் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு" என்பான். நெவில் சுற்றி வளைப்பான். ரஸ்ஸல் சண்டைக்கு நிற்பான். கடைசி வார்த்தை தெல்மாவுக்கு.

எண்பத்தொன்றாம் வருஷ வாக்கில் தட்டுகள் கெட்டுப்போக ஆரம்பித்தன. அப்படித்தான் அவள் முதலில் நினைத்தாள். வாங்கி வந்ததெல்லாம் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல மந்தமாக இருந்தது. ட்ரம்ஸ்காரன் ஜால்ராவில் அடிக்கிற அடியே காணோம். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள், இன்னொன்றையும் கொடுத்தாள். மூன்றாவதைக் கொண்டுபோனபோது கடைக்காரர் அதை அங்கேயே போட்டுக் காட்டினார்.

"எங்கம்மா கோளாறு? கணகணன்னு இருக்கே?"

கடையில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். தெல்மா தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சமையலறையில் கெட்டில் கொதித்து ஆவி சன்னலை மூடும்வரை அதன் பக்கத்திலேயே நின்றாள். அது விசில் அடிக்கும் கெட்டில். அவளுக்கு விசில் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. பிரஸ் ஷாப் பெண்கள் எல்லாருக்குமே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்க வரும். அந்த இரைச்சலில் வேறு வழியில்லை. ஆள் எதிரே நின்றால் போதும், தெல்மா சமாளித்துவிடுவாள். பாட்டுக்குத்தான் உதடு இல்லை. அதற்கும் ஒரு வழி பண்ணினாள். நெவில் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிய முக்காலி அவளுடையதாயிற்று. உட்கார்ந்து உள்ளங்கையைப் பெட்டி மேல் சாதாரணமாக வைத்துக்கொள்வாள். ட்ரம்ஸ், பேஸ் கிதார் என்று அடிக்கட்டைச் சத்தம் காதுக்கும் வந்தது, கைக்கும் வந்தது. மேலே உள்ள கிதாரையும் பாட்டையும் இசைப் பத்திரிகையில் படித்து நிரப்பிக்கொண்டாள். பத்திரிகைக்காரன் எழுதியதைத் தன் நாக்கில் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னால், தெல்மா சொன்ன மாதிரியே இருந்தது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பத்திரிகையில் வராத புதுத் தட்டை யாராவது நீட்டினால் உள்ளங்கை ஈரமாகிவிடும்.

ஒருநாள் கடைத்தெருவில் பின்னால் வந்த சைக்கிள்காரன் மணி அடித்தான், அடித்துக்கொண்டே வந்தான், இடித்துத் தள்ளினான். விழுந்தவளைத் தூக்கியது ரஸ்ஸல்.

"அக்கா, அவன் அத்தனை தடவை மணி அடிச்சான். உனக்குக் காதுல ஏதாவது..."

"எனக்குக் காதுல ஒண்ணுமில்ல. அவனுக்குத்தான் கண்ணுல கோளாறு. கையை விடு."

ரஸ்ஸல் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது. தெல்மா உள்ளே வந்தபோது அவள் முக்காலியில் ரஸ்ஸல் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா."

"இன்னைக்கு ஒரு நாள் நீ சன்னல் பக்கம் உக்காரேன். எனக்கு முதுகுல குளிர் அடிக்குது."

மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்காலிக்காகச் சண்டை போட்டால் ஏன் என்று கேள்வி வரும். அவள் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கீழே கனமான கம்பளம். காலுக்கு அதிர்வு ஒன்றும் வராது.

ரஸ்ஸல் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். கறுப்பு உறை, நடுவில் சிவப்பாக ஒரு கொம்பு. அவள் பார்த்ததில்லை. "நியூகாசில் ஊர்ப் பசங்க. நேத்துதான் வந்துச்சு. பத்திரிகையில எல்லாம் இன்னும் வரல," என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளையே பார்த்தான். முள்ளை இறக்கினான்.

தெல்மா காத்திருந்தாள். தட்டு சுற்றியது. ஒன்றும் வரவில்லை.

சில தட்டு மெதுவாக ஆரம்பிக்கும், அவள் அறிவாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். ரஸ்ஸல் கண்ணை மூடிக்கொண்டு காலால் தாளம் போட்டான். நெவில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோலின் பெரிய தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தான், பாட்டு நன்றாக ஏறிவிட்ட ஆள் ஆட்டுவதுபோல. அவளுக்கு எப்போதும் காதுக்குள் இருக்கும் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அடிக்கட்டைச் சத்தம்கூட இல்லை.

மிச்சக் காதும் போய்விட்டது என்று நினைத்தாள். கூட வேலை பார்த்த ஐடாவுக்கு அப்படித்தான் போயிற்று. காலைத் தேநீருக்கு இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு இல்லை. எழுந்து ஓடிப்போய்ப் பெட்டி மேல் கையை வைக்க வேண்டும் போல இருந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். பிறகு கோலினைப் பார்த்து, அவன் தலை ஆடும் வேகத்துக்குத் தானும் தலையை ஆட்டினாள்.

முதல் பாட்டு அளவுக்கு ஓடியிருக்கும். ரஸ்ஸல் முள்ளைத் தூக்கினான்.

"கோலின், நீ சொல்லு."

"நல்லாருக்குடா. கனமா இருக்கு."

ரஸ்ஸல் ஒரு நொடி திகைத்தது அவள் கண்ணில் பட்டது. ஏன் என்று புரியவில்லை. நெவில், "நான் அப்புறம் சொல்றேன்," என்றான்.

"அக்கா?"

தெல்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கிதார் ரெண்டும் ஒட்டல. ஒருத்தன் முன்னாடி ஓடுறான், இன்னொருத்தன் பின்னாடி துரத்துறான். பாடுறவன் கத்துறான், ஆனா எதுக்குக் கத்துறோம்னு அவனுக்கே தெரியல. நான் வாங்கமாட்டேன்."

"போதும் ரஸ்ஸல்," என்றான் நெவில். "சொல்லித் தொலை."

ரஸ்ஸல் முக்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு நேர் எதிரே குனிந்து உட்கார்ந்தான், உதடு தெரிகிற மாதிரி. "அக்கா. ஆம்ப்ளிஃபயர நான் அணைச்சு வெச்சிருந்தேன். தட்டு சும்மா சுத்துச்சு. பாட்டே வரல."

"வரலியா?"

"வரல."

"உனக்கும் கேக்கலியா? நெவில், உனக்கு?"

"முள்ளு தட்டுல உரசுற கிரீச்சுதான் கேட்டுச்சு தெல்மா. வேற ஒண்ணும் இல்ல."

தெல்மா பின்னுக்குச் சாய்ந்து மூச்சை விட்டாள். அவமானம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சிரிப்பு. போகவில்லை. காது போகவில்லை. இருந்ததெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ரஸ்ஸலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவன் அவன்.

அப்போதுதான் அவள் கோலினைப் பார்த்தாள். அவன் கைகள் இரண்டும் முழங்கால் மேல் கிடந்தன. கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுமடல் வரை வந்திருந்தது.

ரஸ்ஸலும் திரும்பினான். "டேய், நீ எதுக்குத் தலையாட்டின? நெவில்கிட்ட மட்டும்தான சொல்லியிருந்தேன்?"

கோலின் எழுந்து தொப்பியை எடுத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பது நெவிலுக்குத் தெரியும். அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது தெல்மாவுக்குக் கோபம் வந்தது. "என்னைச் சோதிச்ச, சரி. நான் உன் அக்கா, உனக்கு உரிமை இருக்குன்னு வெச்சுக்குவோம். அவனை எதுக்குடா கூட்டத்துல உரிச்ச?"

"அவனுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அக்கா, நான் உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா என் வீட்டுக்கு வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கணும்."

"கேட்டேனே! தெருவுலயே கேட்டேனே!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கோலின் தூறலில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு தடவை கூப்பிட்டாள். திரும்பவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எத்தனை வருஷமா?" என்று மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"தெரியல. என் பொண்ணு கல்யாணத்துல அவ சர்ச்சுல என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. அப்பத் தெரிஞ்சுது."

அவன் மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது.

"பின்ன ஏன்யா வாராவாரம் வந்த?"

கோலின் தொப்பியைக் கழற்றி நீரை உதறினான். "உன் உதட்டப் பாத்தா நீ பேசுறது எனக்குப் புரியும். நீ மத்தவங்க மாதிரி முணுமுணுக்க மாட்ட. நீ சொல்றத வெச்சு, சரி, அந்தத் தட்டு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். வீட்டுக்குப் போற வரைக்கும் அது மண்டைக்குள்ள ஓடும்."

தெல்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கோலின், ரெண்டு வருஷமா நான் சொன்னதுல பாதி பேப்பர்ல படிச்சது. எனக்கே கேக்கல."

அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். "அந்த ஊதா உறைத் தட்டு? கழுகு போட்டது?"

"அது பேப்பர்காரன் சொன்னது."

"அத நான் காசு குடுத்து வாங்கினேன் தெல்மா."

அவன் முகம் அப்படியே இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. இருவரும் மூடிக்கிடந்த கறிக்கடை வாசலில் ஒதுங்கி நின்று சிரித்தார்கள். ஆனால் அவன் வீடு வரை கூட நடந்தபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. இருட்ட ஆரம்பித்திருந்தது, இருவருக்குமே உதடு தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். தனியாக என்றால் இரண்டு பேருமே போயிருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தெல்மா வெளியே பெஞ்சில் இருந்தபடி கோலினைப் பார்த்தாள். பொத்தான் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், அழுத்தாமல், வியர்த்து உட்கார்ந்திருந்தான். அவளுக்கு விசில் மாதிரி உச்சச் சத்தம் மட்டும் போயிருந்தது. அவனுக்கு ஏறக்குறைய எல்லாமே.

காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். தெல்மா அதை மாட்டிக்கொண்டு தன்னிடம் இருந்ததிலேயே பிடித்த தட்டைப் போட்டாள். தகர டப்பாவுக்குள் குளவி அடைத்த மாதிரி இருந்தது. கழற்றி வைத்துவிட்டு அழுதாள். அதற்குமுன் இந்த விஷயத்துக்காக அவள் அழுததில்லை. கடைத்தெருவுக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொண்டாள், சைக்கிள்காரர்களுக்காக. பிரஸ் ஷாப்பிலிருந்து அவளைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே அமைதி. அந்த அமைதியில் காது இரைச்சல் இரண்டு மடங்காயிற்று.

நெவில் வீட்டுக்கு அவள் அந்தக் குளிர்காலம் முழுக்கப் போகவில்லை. கோலின்தான் சில நாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வருவான். இருவரும் ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டாள். கைக்கு வந்ததை மட்டும் சொல்வாள். "இது வண்டி மேடு ஏறுற மாதிரி இருக்கு." "இது ஒண்ணுமில்ல, சும்மா உதறுது." கோலின் சில நேரம் மறுப்பான். அவன் மறுக்கிறவன் என்பது அவளுக்குப் புதிது.

மார்ச் மாதம் ஒரு மாலை ரஸ்ஸல் வாசலில் வந்து நின்றான். கையில் கடைப் பை. அவள் கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை.

"புதுசு," என்றான். "ஒரு பக்கம் கேட்டுட்டேன். ரெண்டாவது பக்கம் கேக்கல."

"மன்னிச்சுக்கோன்னு சொல்ல வந்தியா, தட்டு காட்ட வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"முதல்ல சொல்ல வேண்டியதச் சொல்லு."

சொன்னான். நேராக நின்று, அவள் தன் உதட்டைப் படிக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். கோலினிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகவும் சொன்னான். அவள் நகர்ந்து வழிவிட்டாள். முழுக்க ஆறிவிடவில்லை, அது அவனுக்கும் தெரிந்தது.

அடுப்பில் பட்டாணியும் பன்றி இறைச்சியும் வெந்துகொண்டிருந்தன. அவன் தட்டைப் போட்டான். அவள் கையைப் பெட்டி மேல் வைத்தாள், ஒளிக்காமல். பக்கம் முடிந்ததும் மேலே என்ன நடந்தது என்று கேட்டாள். கிதார் எங்கே ஏறியது, பாடகன் எங்கே உடைந்தான் என்று அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"அப்போ அந்த இடத்துல அவன் நிறுத்தியிருக்கணும்," என்றாள் தெல்மா.

"எதுக்கு நிறுத்தணும்? அதுதான் அந்தப் பாட்டோட உசிரே!"

"கீழ ட்ரம்ஸ்காரன் அப்பவே முடிச்சுட்டான்டா. இவன் தனியா நின்னு கூவுறான். உனக்கு அது கேக்கலியா?"

"எனக்கா கேக்கல?" என்றான் ரஸ்ஸல், குரல் உயர்ந்து. அவள் முறைத்தாள். அவன் முள்ளை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தான்.