மறுகா பாப்பம்

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். ஊர் கிழக்குக் கரை. நாங்கள் வேடர் ஆட்கள், கடலோரத்து வேடர். பேசுவது தமிழ். கொழும்பில் இதை யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஊரில் பெரிய இறங்குதுறை கட்டப் போகிறார்கள். அதற்கு வரும் ரோடு எங்கள் சடங்குக் கரையின் மேலால் போகிறது. கப்பல் தெய்வம் வந்து இறங்குவது அந்தக் கரையில்தான். வேறு இடத்தில் சடங்கு வைக்க ஏலாது. கரை போனால் சடங்கும் போய்விடும். அதை நடத்துகிறவர் என் மச்சான், அக்காவின் புருஷன். ரோட்டைப் பற்றிக் கதைக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்பு தெரியாதவர் என்று நானும் கூடப் போனேன்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். உள்ளே குளிர். மேடையில் துணி கட்டி எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று மச்சான் கேட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘பூர்வீக மக்கள் எங்கள் பங்காளிகள்.’

“வலை இழுக்கக்குள்ள கூப்பிடல்ல,” என்றார் மச்சான். “கறி ஆக்கினதுக்குப் பிறகு கூப்பிடுறானுகள். பங்காளியாம்.”

நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திட்டத்துக்குப் பொறுப்பு ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் இங்கிலீஷில் சொல்ல, ஒரு கொழும்புப் பிள்ளை தமிழில் சொன்னாள். சுவரில் காட்டிய ஊர்ப் படத்தில் ரோட்டின் சிவப்புக் கோடு எங்கள் கரையை வெட்டிப் போனது.

“ஐயா, உங்கட கருத்து என்ன?” என்று பிள்ளை கேட்டாள்.

மச்சான் எழும்பினார். “நீங்க செய்யிற வேலைக்கு நாங்க என்னத்தச் சொல்லுற. மறுகா பாப்பம்.”

மறுகா என்றால் பிறகு. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். மறுகா பாப்பம் என்றால் கதை முடிந்தது, எழும்பிப் போ என்று அர்த்தம்.

பிள்ளை இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா நெஞ்சில் கை வைத்தார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

நான் மச்சானைப் பார்த்தேன்.

“ஏன் மச்சான் கை தட்டுறானுகள்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் பிள்ளையிடம் போனேன். “தங்கச்சி, என்ன சொன்னீங்கள்?”

“ஆட்சேபனை இல்லையெண்டு.”

“அவர் இல்லையெண்டுதான் சொன்னவர்.”

“எங்க சொன்னவர்? நானும் தமிழ்தானே அண்ணா.”

அவளில் பிழை இல்லை. மச்சானின் வாயிலிருந்து அந்தச் சொல் வரவேயில்லை.

திரும்பி வந்து அவர் காதில் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்தார். மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. பாதி குடித்திருந்தார்.

“அவங்கட இடத்துக்கு வந்து, அவங்கட தேத்தண்ணியக் குடிச்சிட்டு, எப்பிடிடா சொல்லுற?”

“சொல்லாட்டிக் கரை போயிரும்.”

அவர் திரும்பவும் எழும்பினார். கை தட்டல் எப்போதோ ஓய்ந்திருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு கத்தினார். மைக் தேவைப்படவில்லை.

“இல்ல! கரையத் தர ஏலா!”

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மச்சானை எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. எனக்கே பயம் வந்தது.

பிள்ளை மெதுவாகச் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா பேனையை வைத்துவிட்டார். நிறைய நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

“முதல்ல கரைக்கு வந்து உங்களோட நடந்து பாக்கவேணுமாம்,” என்றாள் பிள்ளை. “அதுவரைக்கும் இந்தக் கோடு இல்லையாம்.”

யாரும் கை தட்டவில்லை.

வெளியே வந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். மச்சான் பீடி எடுத்தார். நெருப்புக்குச்சி அணைந்து அணைந்து போனது. நான் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

“அந்த அம்மாவுக்கு என்னோட கோவமா?”

“இல்ல.”

அவர் என்னையே பார்த்தார்.

“உனக்கு அந்தச் சொல் லேசா வருது, மச்சான்,” என்றார்.