கோட்டோரத்தில் மாமனார்

அட்டாளைச்சேனை இன்ஸாபுக்குக் கல்முனைக்குடியில் கலியாணம் முடிந்தபோது, ஊர் வழக்கப்படி அவன் மனைவி முஸ்பிறாவின் வீட்டுக்குக் குடிவந்தான். டைல்ஸ் பதிக்கிறவனுக்கு எந்த ஊர் என்றாலும் வேலை கிடைக்கும். சிக்கல் உதைபந்தாட்டத்தில்தான் வந்தது. மாமனார் அபூசாலி பஸாரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். பிறைக்கொடிக் கழகத்தின் ஆட்டம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைக் கோட்டோரத்தில் போய் நிற்பவர். மருமகன் தன் ஊர் விடிவெள்ளிக் கழகத்தில் நடுக்களம் ஆடியவன் என்று பெருமையாகச் சொல்லி, அவரே அவனைப் பிறைக்கொடியில் சேர்த்துவிட்டார்.

முதல் ஆட்டத்திலேயே இன்ஸாப் கொடுத்த பாஸ் ஒன்று எட்டாமல் போய், எதிரணிக்காரன் காலில் பட்டு, கோலாகிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு விருந்து இன்னும் செமிக்கல்ல போல" என்று கோட்டோரத்தில் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. இன்ஸாப் மாமாவைத் தேடினான். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வீட்டில் அவர் மழையைப் பற்றிக் கதைத்தார், வயலில் நடக்கும் வேளாண்மை வெட்டைப் பற்றிக் கதைத்தார், ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதன்பிறகு பந்து தன்னை நோக்கி வரும்போதெல்லாம் இன்ஸாபுக்குக் காதுதான் முதலில் விழித்துக்கொள்ளும். என்ன சொல்லப்போகிறார்களோ என்ற நினைப்பிலேயே பந்தைப் பின்னுக்குத் தட்டிவிடுவான். அவனுக்கு 'றிவர்ஸ் கியர்' என்று பெயர் வைத்தார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளியால் இறங்கும்போதுகூட அது அவன் காதில் விழுந்தது.

அந்த வருடக் கோப்பையின் அரையிறுதியில் பிறைக்கொடிக்கு எதிராக வந்தது விடிவெள்ளி. அந்தச் செய்தி வந்த அன்று, தேத்தண்ணிக் கடையில் சாலிஹ் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். மைதானத்தில் எல்லாரையும்விட உரக்கக் கத்துகிற ஆள் அவர்.

"எந்த ஊருக்கு ஆடப்போறாய் தம்பி?"

"நம்மட ஊருக்குத்தான் நானா."

"நம்மட எண்டா எது?"

இன்ஸாப் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான்.

"ஆட்டத்த வித்துட்டாய் எண்டு இப்பவே கதைக்காங்க. தோத்தா ஆக்கள் சும்மா இரிக்க மாட்டாங்க. ஒன்ட மாமாட கடையும் பஸாருக்குள்ளதான் இரிக்கி." சாலிஹ் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அவனை உலுக்கியது.

முஸ்பிறாவிடம் சொன்னான். "காச்சல் எண்டு சொல்லிட்டுப் படுங்க" என்றாள் அவள்.

"படுத்தா, வித்ததாலதான் வரல்ல எண்டுவாங்க."

அவன் போனான். பிறைக்கொடி ஒரு கோல் அடித்து முன்னால் நின்றது. ஆட்டம் முடியப்போகிற நேரம் விடிவெள்ளியின் றிஸ்மி பந்தோடு கிளம்பிவிட்டான். இன்ஸாப் வளர்ந்த அதே ஒழுங்கையில் வளர்ந்தவன் றிஸ்மி. பிறைக்கொடியின் பின்காவல்காரர் இருவரையும் கடந்தவனுக்கு முன்னால் இப்போது இன்ஸாப் ஒருவன்தான். "உடாத" என்று சாலிஹின் குரல் முதுகில் அடித்தது. இன்ஸாப் சறுக்கி விழுந்து காலை வீசினான். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது றிஸ்மி முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

நடுவர் மஞ்சள் அட்டை மட்டுமே காட்டினார். கோட்டோரம் முழுக்க இன்ஸாபின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த மைதானத்தில் அவன் பெயரை அவர்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆட்டம் முடிந்ததும் அபூசாலி உள்ளே ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"மருமகன், இண்டைக்குத்தான் நீங்க எங்கட ஆள்."

அவர் பிடியை விட்டதும் இன்ஸாப் றிஸ்மியைத் தேடினான்; அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் அட்டாளைச்சேனைக்குப் போனான். றிஸ்மியின் காலில் மாக்கட்டு. அவனுடைய உம்மா கதவைத் திறந்தார், ஆனால் தேத்தண்ணி கொண்டு வரவில்லை.

"பந்தப் பாத்தா வந்தாய், என்னப் பாத்தா வந்தாய்?" என்று றிஸ்மி கேட்டான்.

"ஒண்டயும் பாக்கல்லடா. கண்ண மூடிட்டன்."

"ஏன்?"

"பயம்."

றிஸ்மி மாக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தான். "எனக்கெண்டா நீ கண்ணத் தொறந்துட்டு வந்தது போலதான் இரிந்திச்சு."

வரும் வழியெல்லாம் இன்ஸாபுக்கு அந்தப் பேச்சே ஓடியது. உண்மையில் கண்ணை மூடினோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இறுதியாட்டம் நிந்தவூர்க்காரரோடு. றுமைஸ் என்ற ஆட்டக்காரன் பந்தோடு இன்ஸாபுக்கு நேரே வந்தான். கோட்டோரத்தில் சனம் எழும்பியது. "போடு இன்ஸாப், அண்டைக்குப் போட்ட போல போடு." றுமைஸின் கண் பந்தில் இல்லை, இன்ஸாபின் காலில் இருந்தது. கிட்ட வருமுன்னே அவன் பந்தை எங்கேயோ தட்டிவிட்டு ஒதுங்கினான். இன்ஸாப் காலைத் தூக்கக்கூட இல்லை. பந்து உருண்டு அவனிடமே வந்தது. கைதட்டல் எழுந்தது. அபூசாலி பக்கத்தில் நின்றவரின் தோளில் அடித்து, "எங்கட மருமகன்" என்றார்.

கோப்பை கல்முனைக்குடிக்கு வந்தது. இன்ஸாப் இப்போதும் பிறைக்கொடிக்குத்தான் ஆடுகிறான். சாலிஹ் அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறார். ஆனால் ஆட்டமுள்ள நாளில் அவனுக்குப் பகல்சோறு இறங்குவதில்லை.

"இன்னும் என்னத்துக்குப் பயப்பிர்ரீங்க? எல்லாரும் நல்லாத்தானே கதைக்காங்க" என்று முஸ்பிறா கேட்டாள்.

அவன் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "கத்துவாங்க" என்றான். "அவங்க கத்தினா என்ட கால் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியா."