றோஸ்மேரி பின்சீற்றில் இருந்த ஐந்து கிழமை

சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டபோது, றோஸ்மேரி காரின் முன்கதவைத் தொடாமல் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். கைப்பையை மடியில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டி, "சரி, வெளிக்கிடுங்கோ" என்றாள்.

நீக்கிலாப்பிள்ளை கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கலியாணம் கட்டி முப்பத்தொன்பது வருடம். சைக்கிள் என்றால் முன்பாரில், கார் என்றால் முன்சீற்றில், அவருக்குப் பக்கத்திலேயே இருந்து பழகிய மனுசி.

"உமக்கு விசரோ? முன்னுக்கு வாரும்."

"கடிதத்தில போட்டுக் கிடக்கு. காரைத் திருத்துமட்டும் ஓட்டுறவருக்குப் பக்கத்துச் சீற்றில ஒருத்தரும் இருக்கக்கூடாதாம். ஜெயனி ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினவள்."

அது காரைச் செய்த கம்பனி பிரெஞ்சில் அனுப்பிய கடிதம். மாசியில் ஒன்று வந்தது, பங்குனியில் ஒன்று, இது மூன்றாவது. எங்காவது மோதினால் ஊதி வந்து ஆளைத் தாங்க வேண்டிய எயார்பாக், பழசாகிப் போனதால் வெடித்து இரும்புத்துண்டைச் சிதறவிடக்கூடுமாம். கராஜுக்குக் கொண்டுவந்தால் சும்மாவே மாற்றித் தருவார்களாம். நீக்கிலாப்பிள்ளை மூன்றையும் குளிர்பெட்டியின் கதவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தார். எறியவும் இல்லை, போகவும் இல்லை.

அவர் பஞ்சியில், சோம்பலில் போகாமல் விட்டவர் அல்ல. அந்தக் கார் அவருடைய தமையன் பேனாட்டின் கார். பேனாட் அதைப் புதிதாக வாங்கிய வருடமே முன்சீற்றுக்கு நேரே, டாஷ்போட்டின் மேல், ஒரு சாண் உயரத்தில் மடு மாதா சுரூபம் ஒன்றை ஒட்டினார். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீரும் தெளிப்பித்தார். பிறகு நோயில் விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத் தம்பியின் கையில் கார்த் திறப்பைக் கொடுத்தபோது சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "நீக்கிலா, காரை வித்தாலும் பரவாயில்லை, மாதாவை மட்டும் கழட்டிப்போடாதை." அதற்கு நீக்கிலாப்பிள்ளை தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார். எயார்பாக் இருப்பதோ சரியாக அந்த மாதாவின் காலடியில்.

அன்றைக்குக் கோயில் வாசலில் எல்லாருக்கும் நல்ல பொழுதுபோக்கு. றோஸ்மேரி பின்கதவால் இறங்குவதைக் கண்ட டனிஸ்ரன் ஓடிவந்து கதவைப் பிடித்தான். றோஸ்மேரியின் பெரியம்மாவின் பேரன் அவன். வாய் சும்மா கிடக்காது.

"மாமா, டாக்சி ஓடத் தொடங்கிட்டியளோ? லொங்குய்யுக்குப் போக எவ்வளவு எடுப்பியள்?"

"உனக்கெண்டா இரட்டை மடங்கு. வாய்க்கும் சேர்த்து."

சிரித்துத்தான் சொன்னார். ஆனாலும் வீடு வரும் வழி முழுக்கக் கண்ணாடியில் றோஸ்மேரியின் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டியது அவருக்கு என்னவோ போல இருந்தது.

அன்று பின்னேரம் மகள் ஜெயனி வந்தாள். மாதாவைப் படம் பிடித்துக் கராஜுக்கு அனுப்பிக் கேட்டாள். பதில் உடனே வந்தது: சுரூபத்தைக் கழற்றினால்தான் வேலை செய்யலாம், பிறகு அதே இடத்தில் ஒட்டவும் கூடாது.

"அப்ப வேண்டாம்" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"அப்பா, யோசிச்சுப் பாருங்கோ. எயார்பாக் வெளிய வந்தா மாதாவும் சேர்ந்து வருவா. நேர அம்மான்ர முகத்துக்குத்தான்."

"மாதா அப்பிடிச் செய்யமாட்டா."

குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த றோஸ்மேரியின் குரல் வந்தது. "மாதா செய்யமாட்டா. உங்கட கொண்ணை பூசின பசை செய்யும்."

இப்படியே வைகாசியும் வந்துவிட்டது. பூசைக்கும் கடைக்கும் றோஸ்மேரி பின்சீற்றில்தான் வந்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, பேனாட்டின் மனைவி செலீனிடமே கேட்டுவிடுவோம் என்று நீக்கிலாப்பிள்ளை றோஸ்மேரியோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யுக்குப் புறப்பட்டார். பாலத்தில் கார்கள் நெருங்கி ஊர்ந்தபோது, "மெட்ரோவில வந்திருந்தா இவ்வளவுக்கு மச்சாள் வீட்டில தேத்தண்ணி குடிச்சிருப்பன்" என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு.

செலீன் கதை முழுவதையும் கேட்டாள். பிறகு ஜன்னலால் எட்டிக் காரைப் பார்த்தாள்.

"தம்பி, இவ்வளவு தூரமும் றோஸ்மேரி பின்னுக்கு இருந்தோ வந்தவள்?"

"ஓம் மச்சாள்."

"உங்களுக்கு வெக்கமில்லையோ? அவர் ஒட்டினதுக்கு நீங்கள் காவல். இவளுக்கு ஆர் காவல்? சத்தியம் வாங்கினவர் போய்ச் சேர்ந்திட்டார். அவர் வந்து கேட்டா, செலீன்தான் கழட்டச் சொன்னவள் எண்டு சொல்லுங்கோ. அவரோட கதைக்க எனக்கும் கொஞ்சம் கிடக்கு."

நீக்கிலாப்பிள்ளை அங்கிருந்தே கராஜுக்குப் போன் எடுத்து நாள் குறித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அவரும் றோஸ்மேரியும் கராஜில் நின்றார்கள். மெக்கானிக் ஒரு இளம் பெண். சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி, ஒரு நூலை மாதாவின் காலடியில் கொடுத்து, பல்லுக்கு இடையில் தேய்ப்பதுபோல இழுத்தாள். கால்மணி நேரத்தில் மாதா ஒரு கீறலும் இல்லாமல் றோஸ்மேரியின் கைக்கு வந்தார். நீக்கிலாப்பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு டாஷ்போட்டைக் குனிந்து பார்த்தார்.

மாதா நின்ற இடத்தில், சரியாக நடுவில், ஒரு சிகரெட் முனை அளவில் உருகிய கறுத்த ஓட்டை.

அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. கார் வாங்கிய வருடத்துத் தவக்காலத்தில்தான் பேனாட் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சிகரெட்டை விட்டவர். முழுக் கோயிலும் கைகொடுத்து வாழ்த்தியது. செலீன் ஊரெல்லாம் போன் எடுத்துச் சொன்னாள். உயிர்த்த ஞாயிறு வரமுன்னமே மாதாவும் காரில் ஏறிவிட்டார்.

"ஐயோ, என்ர அண்ணை!" என்று அவர் வாயைப் பொத்தினார். "இஞ்சாரும், இதை மச்சாளுக்குச் சொல்லிப்போடாதையும்."

றோஸ்மேரி ஏற்கனவே போனைக் காதில் வைத்திருந்தாள். செலீனின் சிரிப்பு கராஜின் மறுகோடி வரைக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியாதே? மாதாவை ஒட்டினா சிகரெட் மணம் போகுமோ? பாவம், மனுசன் இவ்வளவு பாடுபட்டு மறைக்குது எண்டுதான் நான் மூச்சுக் காட்டேல்ல. அந்த ஓட்டையை அடைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் வந்து ஒருக்காப் பாக்கவேணும்."

வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. றோஸ்மேரி முன்கதவைத் திறந்து, தன் இடத்தில் அமர்ந்து, சால்வையில் சுற்றிய மாதாவை மடியில் வைத்தாள். இனி மாதாவுக்குக் குசினி ஜன்னலில்தான் இடம், அங்கிருந்து பார்த்தால் கார் தெரியும்.

நீக்கிலாப்பிள்ளை பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். முழு முகமும் தெரிந்தது. மனம் நிறைந்துபோய்க் காரை வெளியே எடுத்தார்.

"மெல்ல, மெல்ல" என்றாள் றோஸ்மேரி. "லைட் மஞ்சளாகுது. என்னை ஏன் பாக்கிறியள், ரோட்டைப் பாருங்கோ. அங்க சைக்கிள்காரன் வாறான்."

ஐந்து கிழமையாகப் பின்சீற்றிலிருந்து இதில் பாதிதான் கேட்டது. நீக்கிலாப்பிள்ளை "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு, வாய்க்குள் சிரித்தபடி வீட்டுப் பக்கம் திருப்பினார்.