திருப்பத்தில் பின்னுக்கு வந்த கை

சாய்ந்தமருது முர்ஷித்துக்கு வயது முப்பத்தெட்டு. அதில் பதினொரு வருடம் கடலில் எஞ்சின் தோணி ஓட்டினான். பிறகு ஏழு வருடம் கத்தாரில், ஒரு பறப்புக் கழகத்தில். அங்கே ஜைரோ கழுவப் போனவன் அதை ஓட்டவும் படித்துக்கொண்டு வந்துவிட்டான். ஜைரோ என்றால் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம். தலைக்கு மேலே சுற்றும் விசிறியை எஞ்சின் சுற்றாது, முன்னே போகிற வேகத்தில் காற்றே சுற்றும். எஞ்சினுக்கு முதுகுக்குப் பின்னால் நின்று தள்ளுகிற வேலை மட்டும்தான்.

ஒலுவில் பக்கம் ஒரு சுற்றுலாக் கம்பனி அப்படியொன்றை வாங்கியிருந்தது. ஆட்களை ஏற்றிக் கடற்கரையைச் சுற்றிக் காட்டும் வேலை முர்ஷித்துக்குத்தான், பறப்புப் பரீட்சையில் தேறினால். முதல் தடவை தவறிவிட்டான். இனியும் தவறினால் வேறு ஆள் பார்ப்போம் என்று கம்பனி சொல்லிவிட்டது. அப்படியானால் மறுபடியும் கத்தார்தான். பெண்சாதி றுஸ்னாவும் மகள் ஸம்றாவும் ஏற்கெனவே பதினாலு பெருநாளை அவன் இல்லாமல் கழித்தவர்கள்.

அவனைக் கெடுத்தது தோணிப் பழக்கம். தோணியைத் திருப்புகிறவன் முதலில் எஞ்சினைத் தணிப்பான், இல்லாவிட்டால் விளிம்பால் தண்ணீர் ஏறும். ஜைரோ நேர்மாறு. அது சரிந்து திரும்பும்போது தூக்கும் பலத்தில் ஒரு பங்கு திருப்பத்துக்கே போய்விடும். அந்த நேரம் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் உயரம் போகும், உயரத்தைப் பிடித்து வைத்தால் வேகம் போகும். போதாக்குறைக்குக் கண்ணும் ஏமாற்றும். காற்றை எதிர்த்துப் போனவன் திரும்பிக் காற்றோடு போனால், கீழே கடல் கடகடவென்று ஓடும். வேகம் கூடிவிட்டது போல இருக்கும், ஆனால் காற்றுவேக முள் அறுபதிலேயே நிற்கும். முர்ஷித்துக்கு இதெல்லாம் மனப்பாடம். கைதான் இன்னும் தோணியை விட்டு இறங்கவில்லை.

இரண்டாவது பரீட்சைக்குப் பரிசோதகராக வந்தவர் புண்ணியமூர்த்தி, பாண்டிருப்பில் பிறந்து கொழும்பில் குடியேறியவர். பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டார். எட்டுத் திருப்பம் கேட்டார். ஏழையும் முர்ஷித் நூல் பிடித்தாற்போல் முடித்தான். எட்டாவது, ஒலுவில் துறைமுகத்துக்கு மேலே. காற்று முதுகுக்கு வந்தது, கடல் ஓடியது, இடதுகை த்ரொட்டிலை இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்துவிட்டது. முள் ஐம்பதுக்குக் கீழே இறங்கியதைக் கண்டுதான் அவனுக்கு உறைத்தது. மூக்கைத் தாழ்த்தி, த்ரொட்டிலைக் கொடுத்துச் சரிப்படுத்தினான். உயரத்தில் நாற்பது அடி போயிருக்கும்.

இறங்கியதும் புண்ணியமூர்த்தி கைகொடுத்து, பாஸ் என்றார். கம்பனிக்காரர்கள் படம் எடுத்தார்கள். முர்ஷித்துக்குச் சந்தோசம்தான், அதை மறைப்பானேன். ஆனாலும் படம் எடுத்து முடிந்ததும் புண்ணியமூர்த்தியைத் தனியே கூப்பிட்டான்.

“சேர், கடைசித் திருப்பத்துல என்ட கை பின்னுக்கு வந்திட்டு. நீங்க காணல்லயா?”

அவர் அப்போது துறைமுகத்துத் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வெட்கப்பட்டுத்தான் சொன்னார். பிறகு பேனையை எடுத்து, தாளில் பாஸ் என்று எழுதியதை வெட்டினார்.

செய்தி முர்ஷித்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. றுஸ்னா சத்தம் போடுகிறவள் இல்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த மனிசனே பாஸ் எண்டு சொன்னதுக்குப் பொறகு, நீங்க வாயப் பொத்திக்கிட்டு இரிந்தா என்ன?”

அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“முதலாவது ஆளா ஏத்துறத்துக்கு ஆர்ட பேரக் குடுத்திரிந்தன் தெரியுமா, புள்ள? ஸம்றாட பேர.”

றுஸ்னா எழுந்துபோய் அலுமாரிக்கு மேலே இருந்த கத்தார் சூட்கேஸை இறக்கித் தூசு தட்டினாள். அழுதுகொண்டேதான் தட்டினாள்.