என் இடுப்பை அளந்த பேண்டேஜ்

போன தை மாதம் ஆரம்பித்தது. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை ராஜபாளையத்தில், பேண்டேஜ் தயாரிக்கும் கம்பெனியில் பேக்கிங். அப்போதுதான் எனக்குச் சர்க்கரை எகிறி நின்றது. "சித்திரைக்குள்ள சாப்பாட்டை மாத்தி இதைக் குறைச்சுட்டு வாங்க. இல்லைன்னா தினமும் ஊசிதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்றாலே எனக்குக் குலை நடுங்கும்.

கம்பும் கீரையும் சுண்டலுமாக மாறினேன். ஒரு வாரம் தாங்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே பால்கோவா கடை. பால் சுண்டுகிற வாசனை வந்தால் கால் தானாக அங்கே திரும்பும். "என்னால முடியாதுட்டி" என்று கூட வேலை பார்க்கும் தோழியிடம் அழாத குறையாகச் சொன்னேன். என்னைவிட இளையவள், மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

"வாராவாரம் நான் இடுப்பை அளந்து சொல்லுதேன் மதினி. கொறையலன்னா விட்டுருங்க" என்றாள்.

கம்பெனிக் கழிவில் கிடந்த ஒரு பேண்டேஜ் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் அளவெடுப்பு. அவள் பின்னால் நின்று அளப்பாள், நான் மூச்சைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் முனை கோட்டைத் தாண்டிவிட்டது என்பாள்; இடுப்பு குறைந்துகொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் பால்கோவா கடைப் பக்கமே பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவேன்.

சித்திரையில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக நானும் தோழியும் ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். டாக்டரம்மாவிடம் காட்டிப் பெருமையடிக்க அந்தத் துண்டை அவளிடம் வாங்கி வைத்திருந்தேன். மடியில் வைத்து நீவினேன். நீண்டது. இழுத்தேன், இன்னும் நீண்டது. சுளுக்குக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜ் அது. வருஷக்கணக்காக அதைச் சுருட்டிப் பெட்டியில் அடைக்கிறவள் நான்.

"ஏட்டி, இம்புட்டு நாளா இழுத்து இழுத்தா அளந்த?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "மொத மாசம் ஒண்ணுமே கொறையல மதினி. சொன்னா விட்டுருவியன்னுதான் இழுத்தேன். பொறவு நான் இழுக்கவே இல்ல. தானாத்தான் கொறைஞ்சுது."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். ஊசி வேண்டாமாம். வெளியே ஓடி வந்து அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

எவ்வளவு மன உறுதி உனக்கு என்று யாராவது பாராட்டினால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கும். முதல் மாதம் முழுக்க அந்த உறுதி என் மனசில் இல்லை, அவள் கையில்தான் இருந்தது.